எதிர்க்கடையில் வாங்கிய தாவணி

1981ஆம் வருடம், ரம்ஜான் மாதம். அரியலூர் கடைவீதியில் அப்போது எனக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. சின்னக் கடைதான். ஆனால் கல்லாவில் உட்கார்ந்துவிட்டால் கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக எனக்கு நினைப்பு. உடையார்பாளையம் பக்கத்திலிருந்து முந்திரி விற்ற காசோடு வருபவர்கள், சிமெண்ட் ஆலையில் சம்பளம் வாங்கிய கையோடு பஸ் ஏறி வருபவர்கள் என்று வியாபாரத்துக்குக் குறைவில்லை. எனக்கிருந்த ஒரே தலைவலி எதிர்க்கடை. நேர் எதிரே, அதே அளவில், அதே மாதிரி இன்னொரு ஜவுளிக்கடை. என் படியேறி வந்தவர் துணி எடுக்காமல் இறங்கி அங்கே ஏறிவிட்டால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்காது. ரசம் சரியில்லை என்று நான் முகத்தைச் சுளித்தால், "இன்னிக்கு எத்தன பேரு அந்தப் பக்கம் போனாங்க?" என்று என் மனைவி சிரிக்காமல் கேட்பாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது புரிய வேண்டுமென்றால் என் புத்தி எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மார்க்கத்தில் வசதி உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தங்கள் சேமிப்பிலும் சரக்கிலும் ஒரு பங்கை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஜக்காத் என்று பெயர். அது நாம் போடுகிற தர்மம் இல்லை. அந்தப் பங்கு ஏற்கெனவே அவர்களுடையது, நம் கையில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அவர்களுடைய ஹக்கு, அதாவது உரிமை, என்று சொல்வோம். சொல்வோமே தவிர, கொடுக்கும்போது நம் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். எனக்கும் நிமிர்ந்தது.

அதுவரை நான் கடையில் வைத்தே காசாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நோன்பு வைத்த வாயோடு பெண்கள் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். பஜாரில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவார்கள். அது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கும். அந்த வருடம் ஒரு யோசனை வந்தது. காசு கொடுத்தால் அரிசிக்கும் மருந்துக்கும் போய்விடுகிறது, பெருநாள் அன்று பிள்ளைகள் பழசைத்தான் உடுத்துகின்றன. நம்மிடம் இருப்பது ஜவுளிக்கடை. துணியாகவே கொடுத்தால் என்ன? அதுவும் யாரையும் வரவழைக்காமல், நானே வீடு வீடாகப் போய்க் கொடுத்தால்?

ஈரோட்டுச் சந்தைக்குப் போய் ஒரு முழு பேல் சீட்டித் துணி, பூ அச்சடித்த பருத்தித் துணி, எடுத்து வந்தேன். மட்டமான துணி இல்லை. கையில் பிடித்தால் கனமாக நிற்கும். நல்ல மஞ்சளில், உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பூக்கள். பத்தடி தூரத்திலேயே கண்ணைப் பறிக்கும். மொத்தமாக எடுத்ததால் விலையும் படிந்தது. வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். மனைவி துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரே பூவாங்க?" என்றாள்.

"நல்ல பூவா இருந்தா எல்லாருக்கும் நல்ல பூதானே?" என்றேன். வியாபாரியிடம் பதிலுக்கா பஞ்சம்! அவள் துணியை மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஜமாத்தில் கஷ்டப்படுகிற வீடுகள் முப்பதுக்கு மேல் இருந்தன. எந்த வீட்டில் எத்தனை பெண்பிள்ளைகள், யாருக்குப் பாவாடை, யாருக்குக் கவுன் என்று விசாரித்து, நானே அளந்து கிழித்துப் பொட்டலம் கட்டினேன். சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் சைக்கிளில் வைத்துக்கொண்டு கிளம்புவேன். கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் சைக்கிளை மிதித்துவிடுவேன். வரிசை இல்லை, வேடிக்கை இல்லை, ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாது. மறைத்துக் கொடுப்பது என்றால் இதுவல்லவா என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று, எங்கள் வீட்டுக்கு இடியாப்பம் விலைக்குக் கொடுக்கும் அம்மாவின் வீடு. அவர் கணவர் லாரியில் மூட்டை ஏற்றும் வேலை பார்த்தவர், இரண்டு வருடத்துக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் அவள்தான் இடியாப்பத் தூக்கைக் கொண்டுவந்து வைப்பாள். நோன்பு மாதத்தில் மட்டும் இருக்காது. "மாமா, இன்னைக்கு ஒண்ணு கூட வச்சிருக்கு, அம்மா கணக்குல தப்புனா எனக்குத் தெரியாது" என்று ஏதாவது வாயாடிவிட்டுத்தான் போவாள். என் சின்ன மகளுக்கு அப்போது ஏழு வயது. அந்த அக்கா வந்தால் தனக்குத் தலை பின்னச் சொல்லி மடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

பெருநாள் வந்தது. தொழுதுவிட்டு வந்து, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். பெருநாள் காசு வாங்கப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தன. தெருவைப் பார்க்கிறேன், எங்கே பார்த்தாலும் என் மஞ்சள். ராட்டினக்காரனிடம் நான்கு மஞ்சள். சேமியா ஐஸ் வண்டியைச் சுற்றி ஐந்தாறு மஞ்சள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொய் சொல்லக்கூடாது, அந்த நிமிடம் நான் அல்லாஹ்வை நினைத்ததைவிட என்னைத்தான் அதிகம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சின்ன மகள் புதுச் சில்க் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். நான் கவனிக்கவில்லை.

அப்போது அந்தப் பெண் வந்தாள். மஞ்சள் பாவாடை, அதே துணியில் ரவிக்கை, மேலே பழைய வெள்ளைத் தாவணி. கையில் டிபன் கேரியர். பெருநாளுக்கென்று அவள் அம்மா இடியாப்பமும் சர்க்கரை போட்ட தேங்காய்ப் பாலும் கொடுத்தனுப்பியிருந்தார். விலைக்கு இல்லை, எங்களுக்கு அவர்கள் வீட்டுப் பெருநாள் பலகாரம். முகமெல்லாம் சிரிப்பு. வாசல்படியில் கால் வைத்தாள்.

என் மகள் கைதட்டிக் குதித்தாள். "அத்தா! இந்த அக்காவும் நாம கொடுத்த துணி! இதோட பதினொண்ணு!"

அதைத்தான் இவ்வளவு நேரமும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ரயில் பெட்டியை எண்ணுவதுபோல் குழந்தைக்கு அது ஒரு விளையாட்டு. வாசலில் காசுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பி அந்தப் பெண்ணின் பாவாடையைப் பார்த்தன. ஒரு வாண்டு, "ஆமா, இது ஜக்காத்துத் துணி. கஷ்டப்படறவங்க எல்லாருக்கும் இதான் கொடுத்தாங்க" என்று விளக்கம் வேறு கொடுத்தது.

அந்தப் பெண் அழவில்லை. குனிந்து தன் பாவாடையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கேரியரைப் படியில் வைத்தாள். "அம்மா கொடுக்கச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னாள். வந்த சிரிப்பைக் காணோம். தெருவோரமாக, சுவரை ஒட்டி ஒட்டியே நடந்து போய்விட்டாள். ஒரு வீட்டுக்கு விருந்து கொண்டுவந்த பிள்ளையை, அந்த வீட்டு வாசலிலேயே வாங்கித் தின்பவளாக ஆக்கி அனுப்பியிருந்தோம். அன்று அந்தக் கேரியரைத் திறந்து இடியாப்பத்தில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் அப்போதும் தப்பு என்னுடையது என்று எனக்கு உறைக்கவில்லை. குழந்தை விவரம் தெரியாமல் சொல்லிவிட்டது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சரியாகவில்லை. மறுபடி இடியாப்பம் தொடங்கியபோது தூக்கை அந்த அம்மாவே கொண்டுவந்தார். மகள் எங்கள் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போவதையே விட்டுவிட்டாள் என்று மனைவிதான் கவனித்துச் சொன்னாள். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாளாம். எனக்கு உள்ளூரக் கோபம்கூட வந்தது. நல்ல துணி கொடுத்தேன், திருடியா கொடுத்தேன்? இதற்குப் போய் இவ்வளவு ரோஷமா?

பெருநாள் அன்று வந்த கேரியர் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. மனைவி அதில் சர்க்கரையை நிரப்பி, "நீங்களே போய்க் கொடுத்துட்டு வாங்க. அந்தப் புள்ளைகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வாங்க" என்று என் கையில் திணித்தாள்.

போனேன். ஓட்டு வீடு. தெருவைப் பார்த்து ஒரு சன்னல். அதில் புதிதாக ஒரு திரை தொங்கியது. வெளுத்த மஞ்சளாக, பூ இருந்தும் இல்லாததுபோல மங்கலாக ஏதோ தெரிந்தது. வேறு யாருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. எனக்குத் துணிதானே பிழைப்பு! என் சீட்டியின் பின்பக்கம் எனக்குத் தெரியாதா? பாவாடையைப் பிரித்து, அச்சுப் பதிந்த பக்கத்தை வீட்டுக்குள் பார்க்கத் திருப்பி, வெறும் முதுகைத் தெருவுக்குக் காட்டித் தைத்திருந்தார்கள்.

நான் திரையைப் பார்த்தபடி நிற்பதை அந்த அம்மா பார்த்துவிட்டார். பதறிப்போனார்.

"அண்ணே, தப்பா நெனச்சிராதீங்க. துணி நல்ல துணி. சின்னப் புள்ளையா இருந்தா சந்தோசமா போட்டுக்கிட்டிருக்கும். இவ வயசு அப்படி. மாட்டேன்னுட்டா."

நான் கேரியரை நீட்டினேன். அவர் அதை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். மகள் உள்ளேதான் இருந்திருக்க வேண்டும்.

"தெருவுல யாரும் எம்மூஞ்சியப் பாக்கலம்மா, பாவாடையத்தான் பாத்தாங்கன்னு சொல்லுது. கஷ்டப்படறோம்னு ஊருக்குத் தெரியும்தான். அதுக்காக அத உடுத்திக்கிட்டு நடக்கணுமான்னு கேக்குது. எனக்குப் பதில் தெரியலண்ணே."

பேச வந்த இரண்டு வார்த்தையைப் பேசாமலே படியிறங்கினேன். சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வெயிலில் வரிசையில் நின்றாலாவது ஒரு பொழுதோடு போயிருக்கும். நானோ முப்பது வீட்டுக் கஷ்டத்துக்கும் அச்சடித்த மஞ்சளில் சீருடை தைத்துக் கொடுத்து, பெருநாள் தெருவில் நடக்கவிட்டிருக்கிறேன். கதவைத் தட்டி ரகசியமாகக் கொடுத்த பெருமை எனக்கு. ரகசியத்தைப் பத்தடி தூரத்துக்குத் தெரிய உடுத்திக்கொண்டு போன வெட்கம் அவர்களுக்கு. வெட்கமாக இருந்தது. மனைவியிடம் நானாகவே, "நீ அன்னிக்கே சொன்ன" என்றேன். இருபது வருடம் குத்திக் காட்டக்கூடிய விஷயத்தை ஒருநாள்கூட அவள் குத்திக் காட்டியதில்லை.

அடுத்த வருடம் ரம்ஜான் பிறை பார்த்த அன்றே பள்ளிவாசல் ஹஜ்ரத்தைப் போய்ப் பார்த்தேன். கொண்டுபோனது காசு போட்டு ஒட்டிய வெறும் கவர்கள். மேலே பெயர் இல்லை, கடை முத்திரை இல்லை. தையல்காரர்கள் மாத முதலிலேயே கைநிறைய வேலை வாங்கிக்கொள்வார்கள் என்பதால் கவர்கள் முன்கூட்டியே அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஹஜ்ரத், "யாரு கொடுத்ததுன்னு கேட்டா?" என்றார்.

"தெரியாதுன்னு பொய் சொல்ல வேணாம் ஹஜ்ரத். சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டுக் கவர்களை வாங்கி வைத்துக்கொண்டார்.

நோன்பு பத்துக்குள் இருக்கும். ஒருநாள் பதினோரு மணி வாக்கில் இடியாப்பக்கார அம்மாவும் அவர் மகளும் என் கடைப் படியேறினார்கள். பதினைந்து வருடமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வாடிக்கையாளரை வாங்க என்று கூப்பிட மறந்தது அன்றுதான். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. அலமாரியைத்தான் பார்த்தாள். பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள், கொஞ்சம் உயரமாகியிருந்தாள்.

தாவணித் துணியாக எடுத்துப் போட்டேன். போட்டேன் என்றால், அன்று போட்டமாதிரி கல்யாண ஜவுளிக்கு வந்தவர்களுக்குக்கூடப் போட்டதில்லை. ஊதா, பச்சை, மயில் கழுத்து, அரக்கு என்று மேடை முழுக்கப் பரப்பினேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். ஓரத்தைப் புரட்டினாள். "சாயம் நிக்குமா?" என்றாள். "இது இழை கொஞ்சம் அடர்த்தி கம்மிதான்" என்றாள். எனக்கே கடை நடத்தச் சொல்லிக்கொடுத்தாள் போங்கள்! அந்த அம்மாவுக்கு பூப்போட்ட ஓர் அரக்குத் தாவணி பிடித்துப்போனது. விலையைக் கேட்டார். சொன்னேன்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீங்க? எதிர்க்கடையில இதே ரகம் கொறச்சுக் கொடுக்கறாங்க. பாத்துச் சொல்லுங்க."

என் காசை வைத்துக்கொண்டு என்னிடமே பேரம்! இல்லை, இந்தப் புத்தியைத்தானே விட வேண்டும்? அது என் காசே இல்லை. அவர் காசு. பாதி விலைக்குத் தருகிறேன், சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள் என்று நாக்கின் நுனிவரை வந்தது. வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிடமே அவர்களுக்குப் புரிந்துபோயிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லாரிடமும் பேசுவதுபோலவே பேசினேன். கட்டாதும்மா என்றேன். வாங்கின விலையே அதுக்குமேல என்றேன். கொஞ்சம் இறங்கினேன், அவர் கொஞ்சம் ஏறினார். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் பேரம் பேசியதில்லை.

பேரம் படியும் நேரத்தில் அந்தப் பெண் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, இதே பூ வேற யாருக்கும் போயிருக்கா?"

பீரோவில் அதே ரகத்தில் இன்னும் இரண்டு இருந்தன. மூன்று விற்றிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தாவணி அவள் கைக்குப் போய்விடும். என் கையால் கொடுத்த மாதிரியும் இருக்கும், போன வருடத்து வலி கொஞ்சம் தீர்ந்த மாதிரியும் இருக்கும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் ஏன் கேட்கிறாள் என்று உலகத்தில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

"மூணு போயிருக்கும்மா. இந்த ஊருலயேதான்."

அவள் தாவணியை மடித்து மேடையில் வைத்தாள். "வேணாம்மா. வாங்க, போலாம்" என்றாள். அந்த அம்மா, "அப்புறம் வர்றோம்ணே" என்று சங்கடமாகச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே இறங்கினார். இரண்டு பேரும் தெருவைக் கடந்தார்கள். நேராக எதிர்க்கடையில் ஏறினார்கள்.

நான் கல்லாவில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கேயும் வெளிச்சத்தில் பிடித்தாள். அங்கேயும் தேய்த்துப் பார்த்தாள். கால்மணி நேரம் கழித்துக் கையில் பொட்டலத்தோடு வெளியே வந்தாள். வாசலில் நின்றே பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்து ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். சாயங்காலம் டீக்கடை வாசலைக் கடக்கும்போது, "என்ன பாய், உங்க வூட்டு இடியாப்பக்காரம்மாவே நம்ம கடைக்கு வந்துட்டாங்க போலருக்கே" என்று வம்புக்கு இழுத்தார். நோன்பு வாயோடு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வியாபாரம் போய்விட்டதில் பாய்க்கு மூளை கலங்கிவிட்டது என்றுகூட நினைத்திருப்பார். அன்று நோன்பு திறந்து எனக்குச் சோறு நன்றாகவே இறங்கியது.

பெருநாள் அன்று காலையில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அதே டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தெருவின் நட்டநடுவில் அவள் வந்தாள். கிளிப்பச்சைத் தாவணி. ஓரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கரை. ஊரில் அப்படி வேறொன்று இல்லை. என் சின்ன மகளுக்கு ஒரு வயது கூடியிருந்தது. எண்ணுவதற்கு அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஓடிப்போய்த் தாவணியைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, எங்கக்கா வாங்குனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் கேரியரை என் மனைவியிடம் கொடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த அந்த வாயாடிச் சிரிப்பு திரும்பி வந்திருந்தது.

"மாமா, உங்க கடையில இந்த மாதிரி நல்ல கலரே இல்ல. எதிர்க்கடையப் பாத்து நீங்களும் வாங்கிப் போடுங்க."

"சரிம்மா, போடறேன்" என்றேன். உள்ளே போய்க் கேரியரைத் திறந்து நின்றபடியே இரண்டு இடியாப்பம் சாப்பிட்டேன். என்னங்க, கண்ணுல என்ன என்று மனைவி கேட்டாள். தேங்காய்ப் பால் சூடு என்றேன். ஆறிப்போன தேங்காய்ப் பால்.

அந்தக் குடும்பம் இந்த ஊரை விட்டுப் போய் வெகுகாலமாகிறது. அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கவர் யார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியாது. கடை வைத்திருந்த இத்தனை வருடத்தில் எத்தனையோ வியாபாரம் பண்ணியிருக்கிறேன், பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு ரம்ஜானிலும் கவர்களை ஒட்டும்போது என் கண்முன்னால் வருவது, என் துணி வேண்டாமென்று மடித்து வைத்துவிட்டு, தலை நிமிர்ந்து தெருவைக் கடந்து எதிர்க்கடையில் ஏறிய அந்தப் பெண்தான்.